மணப்பெண் கைக்கு எந்தப் பூச்செண்டு? தோட்டப்புற நகரத்துத் திருமணங்களுக்கு ஓர் ஒப்பீடு

மலேசியாவின் பேராக் மாநிலத்திலுள்ள சுங்கை சிப்புட்டிலும் அதைச் சுற்றியுள்ள தோட்டங்களிலும் நடக்கும் திருமணங்களில், மணப்பெண் பூச்செண்டு பிடிக்கவேண்டிய நேரங்கள் இப்போது பெருகிவிட்டன. தேசியப் பதிவு இலாகாவில் கையெழுத்திடும் நாள், கோயில் முகூர்த்தம் அல்லது தேவாலயத் திருப்பலி, மாலை விருந்துக்கு மண்டபத்தில் நுழையும் வேளை என எல்லாவற்றிலும் படம் எடுக்கிறார்கள். அதனால் எல்லாவற்றுக்கும் பொக்கே வேண்டும் என்றாகிவிட்டது. திருமணம் நிச்சயமான பெண்களும், அவர்களைவிட அதிகமாகக் கவலைப்படும் அவர்களுடைய அக்காமார்களும் கைப்பேசியில் நான்கைந்து படங்களை அனுப்பி, இவற்றில் எது நல்லது என்று கேட்கிறார்கள். அந்தப் படங்களில் பெரும்பாலானவை குளிர்நாடுகளில் எடுக்கப்பட்டவை அல்லது கோலாலம்பூர் ஹோட்டல்களின் குளிர்சாதன மண்டபங்களில் எடுக்கப்பட்டவை. நம்முடைய மண்டபத்தில் மின்விசிறிதான் சுற்றுகிறது. ஆகவே வடிவத்தை முதலில் முடிவுசெய்துவிட்டுப் பூவைத் தேடுவதைவிட, கடிகாரத்தையும் உடையையும் முதலில் பார்த்துவிட்டு வடிவத்துக்கு வருவதே சரியான வரிசை என்பது என் கருத்து.

எவற்றை வைத்து எடைபோடுவது

எல்லாவற்றுக்கும் முதலில் கேட்கவேண்டியது, பூ தண்ணீரை விட்டு எத்தனை மணி நேரம் வெளியே இருக்கப்போகிறது என்பதுதான். காலை ஆறு மணிக்கு ஒப்பனை தொடங்கி, ஒன்பதுக்கு முகூர்த்தம் முடிந்து, பன்னிரண்டு வரை படமெடுப்பு நீண்டால், ஆறு மணி நேரம் ஆகிவிடுகிறது. நண்பகலில் வெயில் 33 டிகிரியைத் தொடும் ஊரில், குளிர்நிலத்தில் வளர்ந்து குளிர்பெட்டியில் வந்த ரோஜாவுக்கு அது நீண்ட காலம். மின்விசிறியும் உதவுவதில்லை. காற்று இதழிலுள்ள ஈரத்தை இழுத்துவிடுவதால் விசிறிக்கு நேரே மேடையில் வைத்த செண்டு, மூலையில் வைத்ததைவிட முன்னதாகவே தலை சாய்க்கும்.

அடுத்தது உடையும் மாலையும். பட்டுப்புடவைக்கு மேல் கனத்த ரோஜா மாலையும் விழுந்துவிட்ட பிறகு, கையில் அகலமான பொக்கேயைப் பிடித்தால் இரண்டும் ஒன்றையொன்று மறைத்துக்கொள்ளும். படத்தில் பெண்ணின் முகமும் ஒரு பூக்குவியலும் மட்டுமே தெரியும். மாலை இல்லாத லெஹங்காவுக்கும் வெள்ளைக் கவுனுக்கும் இந்தச் சிக்கல் கிடையாது.

கையின் வசதியையும் மறக்கவேண்டாம். ஒரு கை கொசுவத்தைத் தூக்கிப் பிடிக்கவேண்டும், பெரியவர்கள் காலில் விழும்போது இரண்டு கையும் வேண்டும், முன்கை முழுக்க வளையல். இவற்றுக்கிடையே ஒரு கிலோவுக்கு மேல் கனக்கும் பூங்கொத்து அரைமணியில் தொல்லையாகிவிடும். பூ வரும் வழி, கடைக்காரர் விலையில் சேர்த்துச் சொல்லாத செலவு ஆகிய இரண்டையும் ஒவ்வொரு வகைக்கும் தனித்தனியே பார்க்கலாம்.

மாலைக் கடைச் செண்டு

புதுப்பாணி தேடுகிறவர்கள் இதைத்தான் முதலில் ஒதுக்குகிறார்கள். முகூர்த்தத்தைப் பொறுத்தவரை நான் முதலில் சொல்வதும் இதைத்தான். மாலை கட்டுகிறவரே, மாலைக்கு வாங்கிய அதே பூவில், ஒரு குச்சியைச் சுற்றி வரிவரியாகப் பூவை நெருக்கி நூலாலோ வாழைநாராலோ இறுக்கிக் கட்டி, அடியில் ஜரிகை சுற்றித் தருவது இது. கட்டுவதைப் பக்கத்தில் நின்று பார்த்தால்தான் அதன் நுணுக்கம் புரியும்: ஒவ்வொரு பூவையும் காம்புப் பக்கம் உள்ளே போகுமாறு விரலால் அழுத்தி, நூலை ஒரு சுற்றுச் சுற்றி, இடது கையால் குச்சியைச் சற்றே திருப்பி, அடுத்த பூவை முந்தைய பூவின் இதழ்மேல் பாதி ஏறுமாறு வைப்பார்கள். குச்சி எங்கேயும் வெளியே தெரியாது. பெண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் ஆளுக்கொன்றாக மாலையோடு சேர்த்தே தருவதால் நிறப்பொருத்தம் பற்றி யோசிக்கவேண்டியதில்லை; தனியாகப் பொக்கே வாங்குவதைவிடச் செலவும் குறைவு. கடை உள்ளூரில் இருக்கிறது, விடியுமுன் திறந்திருக்கிறது, எழுந்து போய் வாங்கிக்கொள்ளலாம்.

குறை என்னவென்றால், பூவின் காம்பு முழுக்க வெட்டப்பட்டிருப்பதால் அதற்குத் தண்ணீர் காட்ட வழியில்லை. வாடாமல் இருக்கக் கடைக்காரர்கள் மேலே தண்ணீர் தெளித்துவிடுவார்கள். அந்தத் தண்ணீர் சொட்டுச் சொட்டாகப் பட்டுப்புடவையில் இறங்கிக் கறையாக நின்றுவிட்டால் அதை எடுக்கும் சலவைச் செலவு செண்டின் விலையைத் தாண்டிவிடும். ஆகையால் முதல் நாளே, “அண்ணே, மாலைக்குத் தெளிச்சாலும் செண்டுக்குத் தண்ணி தெளிக்க வேண்டாம், வாழையிலையில சுத்திக் குடுங்க” என்று சொல்லி வைத்துவிடவேண்டும். வாழையிலையில் சுற்றி நிழலில் வைத்தால் ஈரம் தானே நிற்கும். மல்லிகை சேர்த்துக் கட்டச் சொல்கிறவர்கள், அது முந்தைய இரவு விரிந்த பூ என்பதையும் நண்பகலுக்குள் விளிம்பு பழுப்பேறிவிடும் என்பதையும் கணக்கில் கொள்ளவேண்டும்.

காலை முகூர்த்தம், பட்டுப்புடவை, கழுத்தில் மாலை, பதினொரு மணிக்குள் எல்லாம் முடிந்துவிடும் என்ற நிலையில் இதற்கு மேல் வேறெதுவும் தேவையில்லை. அதே செண்டை மாலை விருந்துக்கும் காப்பாற்றி வைக்கலாம் என்று மட்டும் நினைக்கவேண்டாம்.

உருண்டைப் பொக்கே

படங்களில் அதிகம் காணப்படுவது இதுதான். இருபது முதல் முப்பது ரோஜாக்களைக் குவிந்த அரைக்கோளமாக அடுக்கி, காம்பு முழுவதையும் ரிப்பனால் சுற்றியிருப்பார்கள். எந்தப் பக்கத்திலிருந்து படம் எடுத்தாலும் ஒரே மாதிரி தெரியும். புடவைக்கும் கவுனுக்கும் பொருந்தும். சிறியதாகக் கட்டச் சொன்னால் மாலையோடும் ஒத்துப்போகும். குட்டையான பெண்களுக்கு இதுவே நல்லது, ஏனெனில் உயரத்தை வெட்டாது.

இதில் கவனிக்கவேண்டியது, ஒரே வகைப் பூ நெருக்கமாக இருப்பதால் ஒன்று பழுத்தாலும் கண்ணுக்குத் தெரிந்துவிடும் என்பது. கலவையாகக் கட்டியதில் வாடிய ஒரு பூவை உருவி எறிந்துவிட்டுப் பேசாமல் இருக்கலாம். இதில் உருவினால் பல் விழுந்த வாய்போலக் குழி தெரியும். அதோடு, கடைக்குக் கடை கட்டும் முறை மாறுகிறது. சிலர் காம்போடு கட்டுவார்கள். சிலர் பிளாஸ்டிக் கைப்பிடியின் தலையில் நீரில் ஊறவைத்த பச்சை நுரைக்கட்டியைப் பொருத்தி, அதில் பூவைக் குத்துவார்கள். ஓவாசிஸ் என்று கடைகளில் சொல்லப்படும் அந்த நுரை 1954இல் அமெரிக்காவில் உருவானது. அது நீரைப் பிடித்து வைத்துக்கொள்வதால் பூ கூடுதல் நேரம் தாங்கும். ஆனால் எடை கூடும், சாய்த்துப் பிடித்தால் சொட்டும், பின்னால் மட்கவும் செய்யாது. எந்த முறை என்று கேட்காமல் முன்பணம் கொடுக்கவேண்டாம்.

தொங்கு பொக்கே

1981 ஜூலை 29 அன்று லண்டன் செயிண்ட் பால் பேராலயத்தில் தம் திருமணத்தின்போது இளவரசி டயானா பிடித்து வந்த பொக்கேக்குப் பிறகு உலகெங்கும் பரவிய பாணி இது. மூன்றடிக்கும் மேல் நீண்டு தொங்கிய அந்தக் கொத்தில் கார்டீனியா, ஸ்டெபனோடிஸ், ஆர்க்கிட் முதலியவை இருந்தன. முன்னெச்சரிக்கையாக அதே மாதிரி இன்னொன்றும் கட்டி வைத்திருந்தார்கள் என்பது பலருக்குத் தெரியாத செய்தி. அரச குடும்பமே இரண்டு கட்டி வைத்த பொருளை நாம் ஒன்றோடு துணிந்து எடுக்கிறோம்.

இந்த வடிவத்துக்குப் பூவின் காம்பைப் பெரும்பாலும் வெட்டிவிட்டு, பூவின் அடியில் மெல்லிய கம்பியைக் குத்தி வளைத்து, அதன்மேல் பச்சை நாடாவைச் சுற்றுகிறார்கள். கம்பி இருந்தால்தான் பூ சொன்ன திசையில் தொங்கும். ஆனால் கம்பி தண்ணீர் குடிக்காது. கட்டி முடித்த கணத்திலிருந்தே அந்தப் பூ தன்னிடமுள்ள ஈரத்தைத்தான் செலவழித்துக்கொண்டிருக்கிறது. உருண்டைக்கு வேண்டியதைப்போல ஒன்றரை மடங்கோ இரண்டு மடங்கோ பூ செல்லும், கூலியும் அதற்கேற்ப ஏறும். நம்மூரில் இதைக் கட்டத் தெரிந்தவர்கள் குறைவு என்பதால் ஈப்போவுக்குத்தான் போகவேண்டியிருக்கும். போகும்போது வெறும் கூடை; வரும்போது அதை நசுங்காமல் நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு பின்னிருக்கையில் உட்கார ஓர் ஆள் வேண்டும். நெடுஞ்சாலையில் தொல்லையில்லை. அதற்குப் பின் தோட்டத்துச் செம்மண் சாலையில் வண்டி குலுங்கும் கடைசிச் சில கிலோமீட்டரில்தான் கம்பியிலிருந்து தலைகள் கழலும்.

புடவைக்கு இது பொருந்தவே பொருந்தாது என்று நான் அடித்துச் சொல்லுவேன். கொசுவ மடிப்பும் முந்தானைச் ஜரிகையும்தான் பட்டின் அழகு. அவற்றின் முன்னே ஒரு பூந்தோரணத்தைத் தொங்கவிட்டு மறைப்பதற்கு அத்தனை விலை கொடுத்துப் பட்டு எடுக்கவேண்டியதில்லை. வெள்ளைக் கவுன், நெட்டையான பெண், குளிர்சாதனம் உள்ள மண்டபம், மாலை ஏழு மணிக்குமேல் விருந்து, ஒரு மணி நேரத்துக்குள் படமெடுப்பு ஆகியவை ஒருசேர அமைந்தால் இதைவிடக் கம்பீரமானது வேறில்லை. ஒன்று குறைந்தாலும் வேறு வகைக்குப் போய்விடுங்கள்.

கைக்கட்டுப் பொக்கே

காம்புகளை ஒன்றன்மேல் ஒன்று சாய்த்து, ஒரே திசையில் சுற்றிவருமாறு கையிலேயே அடுக்கி, நடுவில் மட்டும் ஒரு கட்டுப் போட்டு, கீழே காம்புகளை அப்படியே விட்டுவிடுவது இது. நேர்த்தியாகக் கட்டப்பட்டதா என்று பார்க்க ஒரு வழி உண்டு. மேசையில் நிறுத்தினால் காம்புகள் விரிந்து தானே நிற்கவேண்டும். சாய்ந்து விழுந்தால் காம்புகள் தாறுமாறாகச் செருகப்பட்டிருக்கின்றன என்று பொருள். உள்ளே நசுங்கிய காம்பு தண்ணீரை இழுக்காது.

நம்மூர் வெயிலுக்கு இந்த வகையே ஏற்றது. கையில் பிடிக்காத நேரமெல்லாம் ஒரு குவளைத் தண்ணீரில் நிறுத்திவிடலாம். ஒப்பனை நடக்கும்போதும், சடங்கில் உட்கார்ந்திருக்கும்போதும், பந்தி நேரத்திலும் அது குடித்துக்கொண்டே இருக்கும். எடுக்கும்போது காம்பைத் துணியால் துடைத்துவிட்டால் புடவை நனையாது. இதைத் தங்கச்சியிடமோ தோழியிடமோ பொறுப்பாக ஒப்படைக்கவேண்டும். எல்லாரும் பார்த்துக்கொள்வார்கள் என்று விட்டால் யாரும் பார்க்கமாட்டார்கள்.

எந்தப் பூவைக் கேட்பது என்பதில்தான் செலவும் பாதுகாப்பும் அடங்கியிருக்கின்றன. ரோஜா, சாமந்தி, கார்னேஷன், லிசியாந்தஸ் ஆகியவை கேமரன் மலையிலிருந்து சிம்பாங் பூலாய் சாலை வழியாக ஈப்போவுக்கு இறங்குகின்றன. நமக்கு இது நல்ல வாய்ப்பு. ஆர்க்கிட் தாழ்நிலத்திலேயே விளைகிறது, வெப்பத்துக்குப் பழகியது, வெட்டிய பிறகு தண்ணீரில் ஒரு வாரத்துக்கு மேலும் நிற்கக்கூடியது. ஆகவே பாதிக்கு மேல் ஆர்க்கிட், மீதி ரோஜா என்று கேட்பதே நான் சொல்லும் கலவை. ஹைட்ரேஞ்சியா படத்தில் எவ்வளவு அழகாக இருந்தாலும், தண்ணீரை விட்டு எடுத்த சிறிது நேரத்தில் துவண்டுவிடும். லில்லி வேண்டுமென்றால் அதன் மகரந்தப் பைகளைக் கிள்ளி எடுக்கச் சொல்லவேண்டும். அந்தத் தூள் பட்டில் பட்டுவிட்டால் கையால் தேய்க்காமலும் தண்ணீர் தொடாமலும் ஒட்டுநாடாவால் ஒற்றி எடுக்கவேண்டும். சாமந்தியைப் பொறுத்தவரை நமக்குத் தடையில்லை. ஆனால் வெள்ளைச் சாமந்தியும் மஞ்சள் சாமந்தியும் சீனர்களுக்கு இறப்பை நினைவூட்டும் பூக்கள் என்பதால், சீன நண்பர்கள் நிறைய வரும் விருந்தில் வேறு நிறம் எடுப்பது மரியாதை.

இங்கே கல்யாண வீடுகளில் யாரும் எண்ணிப்பார்க்காத ஓர் ஆபத்து இருக்கிறது. முதல் நாள் மாலை வாங்கி வந்த பொக்கேயை, சீர்த்தட்டுகள் அடுக்கியிருக்கும் அறையிலேயே வைப்பார்கள், ஏனெனில் அந்த அறைக்குத்தான் பூட்டு இருக்கும். வாழைப்பழம், மாம்பழம், ஆப்பிள் ஆகியவை பழுக்கும்போது எத்திலீன் என்ற வாயுவை வெளிவிடுகின்றன. அது பட்டால் கார்னேஷனின் இதழ்கள் உள்நோக்கிச் சுருண்டு தூங்கிவிட்டதைப் போலாகும், ஆர்க்கிட் வாடி உதிரும். பழம் இருக்கும் குளிர்பெட்டிக்கும் இதே விதி பொருந்தும். அதோடு ஆர்க்கிட்டைக் குளிர்பெட்டியில் வைக்கவே கூடாது. 10 டிகிரிக்குக் கீழே அதன் இதழ் நீர்க்கோத்து நிறம் மங்கிவிடும். ரோஜாவுக்குக் குளிர் நல்லது, ஆர்க்கிட்டுக்கு ஆகாது, இரண்டும் சேர்ந்த பொக்கேக்கு வீட்டிலேயே காற்றோட்டமான, வெயில் படாத, பழமில்லாத ஒரு மூலைதான் இடம்.

இலைக்கென்று தனியாகப் பணம் கேட்பார்கள். யூகலிப்டஸ் இலைக்குக் கொடுக்கும் காசைக் குறைக்க நினைத்து, செம்பனை மரத் தண்டுகளில் அடர்ந்து தொங்கும் பெரணியை வெட்டி வந்து கட்டச் சொன்ன குடும்பங்களும் உண்டு. பச்சை நன்றாகத்தான் இருக்கும். தோட்ட நிர்வாகத்திடம் சொல்லிவிட்டு வெட்டுங்கள், வெட்டியதை ஒரு வாளித் தண்ணீரில் முக்கி எடுங்கள். மணமேடையில் பெண்ணின் கைமேல் செவ்வெறும்பு ஏறுவதைப் படக்காரர் ஒளிப்பதிவு செய்துகொண்டிருக்கக் கூடாது.

கைக்கட்டின் குறை, அது சற்றே கலைந்த தோற்றம் கொண்டது என்பதே. “பாதியில விட்டுட்டாங்களா?” என்று கேட்கும் பாட்டிகள் எல்லாக் குடும்பத்திலும் இருக்கிறார்கள். ரிப்பனை அகலமாகச் சுற்றிவிட்டால் அந்தக் கேள்வி அடங்கிவிடும்.

துணிப்பூவும் நுரைப்பூவும்

வாடாது, முன்கூட்டியே வாங்கலாம், பதிவு நாளுக்கும் விருந்துக்கும் ஒன்றே போதும், மகரந்தம் ஒத்துக்கொள்ளாத பெண்ணுக்கும் தொல்லையில்லை. பெண் வேலை செய்யும் ஊரிலிருந்து முதல் நாள் இரவுதான் வந்து சேரப்போகிறாள், பூவைப் பார்த்துக்கொள்ள வீட்டில் ஆளில்லை என்றால் இதைத் தயங்காமல் எடுக்கலாம். ஆனால் மலிவான நுரை ரோஜா, ஒளி பட்டதும் படத்தில் பளபளத்துக் காட்டிக்கொடுத்துவிடும். சாயம் தோய்த்த ரிப்பன் வியர்வையில் இளகி உள்ளங்கையிலும் புடவையிலும் இறங்கும்; வாங்குமுன் ஈரத் துணியால் ஒருமுறை தேய்த்துப் பார்த்துவிடவேண்டும். வாடகைக்கு எடுப்பவர்கள் பிணைப்பணம் எவ்வளவு, ஒரு பூ கழன்றால் எவ்வளவு பிடிப்பார்கள் என்று எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது. சடங்கில் மட்டும் இது வேண்டாம். பூசைக்கு ஆகாத பூவை மணவறைக்குக் கொண்டுவருவது பெரியவர்களுக்குப் பிடிக்காது, அதற்காக அங்கே வாதாடிக்கொண்டிருக்க முடியாது.

நாளும் விலையும்

எந்த வகையானாலும் அதே பொக்கேக்கு ஒரு மாதத்தில் ஒரு விலையும் இன்னொரு மாதத்தில் வேறு விலையும் கேட்பார்கள். மார்கழி முடிந்து தை பிறந்ததும் நம்முடைய திருமணங்கள் வரிசையாகத் தொடங்குகின்றன. சீனப் புத்தாண்டு ஜனவரி 21க்கும் பிப்ரவரி 20க்கும் இடையில்தான் வரும். தைப்பூசமும் தையிலேயே வருகிறது. பிப்ரவரி 14 காதலர் தினம். ஆக, நமக்குப் பூ மிகவும் தேவைப்படும் வாரங்களில்தான் ஊரே பூ வாங்குகிறது. சீனர்கள் நடத்தும் பூக்கடைகள் புத்தாண்டின் முதல் சில நாட்கள் மூடியே இருக்கும், மாலைக் கடைக்காரர்களோ தைப்பூச மாலைகளில் மூழ்கியிருப்பார்கள். இந்த வாரங்களில் திருமணம் என்றால் ரோஜாவைக் குறைத்து ஆர்க்கிட்டைக் கூட்டுவதும், கடை எந்த நாளில் திறக்கும் என்பதை முன்பணத்துக்கு முன்பே கேட்பதும் அவசியம். மே மாதத்து இரண்டாம் ஞாயிறு அன்னையர் தினம். அந்த வாரத்திலும் ரோஜாவும் கார்னேஷனும் ஏறும். ஆடி கழிந்து ஆவணி பிறக்கும்போது பூ கிடைக்கும், ஆனால் எல்லாரும் ஞாயிற்றுக்கிழமை முகூர்த்தத்தையே பிடிப்பதால் மாலை கட்டுகிறவரின் கைதான் கிடைக்காது.

கத்தோலிக்கப் பெண்களுக்கு ஒரு கூடுதல் கணக்கு உண்டு. திருப்பலி முடிந்ததும் மாதா சுரூபத்தின் முன் பூச்செண்டை வைத்து வணங்கும் வழக்கம் பல குடும்பங்களில் இருக்கிறது. அப்படி வைத்துவிட்டால் வெளியே வந்து படமெடுக்கவும் மாலை விருந்துக்கும் கையில் ஒன்றும் இருக்காது. அதற்கென்று ஐந்தாறு பூக்களில் ஒரு சிறு செண்டு தனியாகச் சொல்லிவிடவேண்டும். பெரிய பொக்கே சொல்லும்போதே சேர்த்துச் சொன்னால், கட்டும்போது மிஞ்சும் பூவிலேயே முடித்துத் தரும் கடைகள் இருக்கின்றன.

காலையில் மாலைக் கடைச் செண்டு, மாலையில் கைக்கட்டு என்று இரண்டாகப் பிரித்துக்கொள்வதற்குச் சிலர் தயங்குகிறார்கள், இரட்டைச் செலவு என்று. ஒரு பெரிய தொங்கு பொக்கேக்கு ஈப்போவில் கேட்கும் தொகையையும், போய்வரும் பெட்ரோல், சுங்கக் கட்டணம், பின்னிருக்கையில் உட்காரும் ஆளின் ஒரு நாள் ஆகியவற்றையும் கூட்டிப் பாருங்கள். இவ்விரண்டும் சேர்ந்து அதைத் தாண்டுவது அரிது. மாலைக் கடைச் செண்டைக் கடைக்காரர் நம் கையில் கொடுக்கும்போது மணி என்ன, விருந்துக்குப் பொக்கே வீடு வந்து சேரவேண்டிய மணி என்ன என்ற இரண்டையும் படக்காரருக்குக் கொடுக்கும் நிகழ்ச்சி நிரலிலேயே எழுதிவிடுங்கள். அந்தத் தாள் ஒன்றைத்தான் கல்யாணத்தன்று எல்லாரும் பார்க்கிறார்கள்.